பேர், பெர்ரி, இலந்தை: பழப்பெயர்களின் வேர் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

வட இந்தியச் சந்தைகளில் இலந்தைப்பழத்துக்கு ‘பேர்’ என்று பெயர். ஆங்கிலத்தில் சிறு பழங்களுக்குப் பொதுப்பெயர் ‘பெர்ரி’. ஒலியும் ஒன்று போல இருக்கிறது, பொருளும் ஒட்டி வருகிறது. இந்தியிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டது என்பார்கள் சிலர். இரண்டுக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர், அதாவது சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்த மொழிக்குடும்பத்தின் வேர், என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தமிழிலிருந்து போனவை என்று வாதிடுபவர்களும் உண்டு. இந்த மூன்றில் எதுவும் நிற்காது. ஏன் நிற்காது என்பதை ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்த்தால், எந்தப் பழப்பெயரின் வேரையும் தேடும் முறை கைக்கு வந்துவிடும். அதற்காகவே இந்த ஒரு எடுத்துக்காட்டை விரிவாக எடுத்துக்கொள்கிறேன். ஐரோப்பியப் பெயர்கள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

தாவரவியலின் இலக்கணத்தை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். அந்தக் கணக்கில் தக்காளியும் வாழைப்பழமும் பெர்ரி வகை. ஸ்ட்ராபெர்ரி அந்த வகையில் சேராது. பெயர் வைத்த மக்கள் அப்படிப் பார்க்கவில்லை. புதரிலோ மரத்திலோ கையால் பறித்துத் தின்னும் சிறு பழம், அவ்வளவுதான். இங்கும் அதே பொருளில்தான் பேசுகிறேன்.

தேவையான கருவிகள்

இந்திய மொழிகளுக்கு மூன்று நூல்கள் அடிப்படை. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி முதலில் 1961-இலும் திருத்திய பதிப்பாக 1984-இலும் வந்தது. டர்னரின் இந்தோ-ஆரிய ஒப்பீட்டு அகராதி 1960களில் வெளியானது. மூன்றாவது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். ஐரோப்பிய மொழிகளுக்கு, லத்தீனுக்கு டி வானின் அகராதியும் (2008), கிரேக்கத்துக்கு பேக்கெஸின் அகராதியும் (2010), ஆங்கிலம், ஜெர்மன், டச்சு முதலியவை சேர்ந்த ஜெர்மானியக் கிளைக்கு க்ரூனனின் அகராதியும் (2013) உள்ளன.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மொழி, வடிவம், முதலில் தென்படும் நூல், அது குறிக்கும் செடி என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். பத்தியில் இடம் காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். ஊகத்தை வைத்து நிரப்பினால் பிறகு எது சான்று, எது ஊகம் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

முதல் படி: எந்தச் செடி என்று உறுதிசெய்யுங்கள்

பழப்பெயர் ஆய்வில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. யஜுர்வேதத்தில் சௌத்ராமணி வேள்வியைப் பற்றிய பகுதிகளில் குவல, கர்கந்து, பதர என்ற மூன்று பெயர்கள் தனித்தனிப் பொருள்களாக வருகின்றன. பிற்கால அகராதிகளைத் திறந்தால் மூன்றுக்கும் ‘இலந்தை’ என்றே பொருள் எழுதியிருக்கும். வேள்வி செய்தவர்களுக்கு மூன்றும் ஒன்றாக இருந்திருந்தால் மூன்று பெயர் எதற்கு? தமிழிலும் இலந்தை வேறு, சூரை வேறு, கொட்டை இலந்தை வேறு. மூன்றும் ஒரே பேரினத்துச் செடிகள். பழத்தின் அளவிலும் சுவையிலும் முள்ளிலும் வேறுபாடு உண்டு. ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவார்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல். லத்தீன் ‘மோரும்’ முசுக்கொட்டைப் பழத்தையும் குறித்தது, முட்புதரில் காய்க்கும் கருப்புப் பழத்தையும் குறித்தது. முசுக்கொட்டை மரத்தில் காய்ப்பது. மற்றது வேலியோரக் கொடியில் காய்ப்பது. கருப்பாகவும் மணிமணியாகவும் இருப்பது மட்டுமே இரண்டுக்கும் பொது. ஸ்பானிய ‘மோரா’ இன்றும் இரண்டையும் குறிக்கிறது. இப்படிப்பட்ட சொல் கிடைத்தால், முதலில் எந்தச் செடியைக் குறித்தது என்பதைத் தனிக் கேள்வியாகக் குறித்து வையுங்கள். ஆறாம் படியில் அது உதவும்.

இரண்டாம் படி: இன்றைய வடிவத்தை நம்பாதீர்கள்

‘பேர்’, ‘பெர்ரி’ இரண்டும் இன்றைய வடிவங்கள். ஒப்பிட வேண்டியது இவற்றை அல்ல. கிடைக்கும் மிகப் பழைய வடிவங்களை.

இந்தி ‘பேர்’ சமஸ்கிருத ‘பதர’ என்பதிலிருந்து வந்தது. நடுவில் உள்ள தகரம் பிராகிருதக் காலத்தில் தேய்ந்து மறைந்து, இருபுறமும் நின்ற உயிர்கள் ஒட்டி ஏகாரமாயின. இதை நம்பலாமா என்று சோதிக்க, அதே மாற்றம் நடந்த இன்னொரு சொல்லைத் தேடுங்கள். கைக்கெட்டும் தூரத்திலேயே ஒன்று இருக்கிறது. வாழைக்குச் சமஸ்கிருதத்தில் ‘கதல’, இந்தியில் ‘கேலா’. கதல கேலா ஆனது போலவே பதர பேர் ஆனது. தகரம் போன இடமும் ஏகாரம் வந்த இடமும் அச்சாகப் பொருந்துகின்றன. மராத்தியிலும் குஜராத்தியிலும் அதே பழம் ‘போர்’. வங்காளியில் ‘குல்’; இதைப் பதரவோடு சேர்க்க முடியாது, குவல-வின் வழியில்தான் தேட வேண்டும். வேள்வி நூலில் தனித்தனியாக நின்ற பெயர்கள் இன்று வெவ்வேறு மாநிலங்களின் தெருக்களில் ஒரே பழத்தின் பெயராக விற்கப்படுகின்றன. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த செய்தி இது.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் ‘பெரியெ’, பழைய உயர் ஜெர்மனில் ‘பெரி’, ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸில் ‘பெர்’. இதுவரை எல்லாவற்றிலும் ரகரம்தான். ஆனால் ஜெர்மானிய மொழிகளில் நீண்ட நூல் கிடைக்கும் மிகப் பழைய மொழி கோத்திக். வுல்ஃபிலா கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் பைபிளை அந்த மொழியில் பெயர்த்தார்; அதன் புகழ்பெற்ற வெள்ளி எழுத்துச் சுவடி ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. மத்தேயு 7:16-இல் முட்செடியில் திராட்சை பறிப்பார்களா என்ற கேள்வி வருகிறதே, அந்தத் திராட்சைக்குக் கோத்திக் சொல் ‘வைனபஸி’. ‘வைன’ என்பது திராட்சை மது, ‘பஸி’ என்பது பழம். அதில் ரகரம் இல்லை, ஸகரம் இருக்கிறது. டச்சு மொழியில் இன்றும் ‘பெஸ்’ என்றே சொல்கிறார்கள்.

அப்படியானால் ஆங்கிலத்தின் ரகரம் ஒரு காலத்தில் ஸகரம். டென்மார்க்கின் கார்ல் வெர்னர் 1870களில் கண்டுபிடித்த விதி இதை விளக்குகிறது. பழங்காலத்தில் சொல்லின் அழுத்தம் எந்த அசையில் விழுந்தது என்பதைப் பொறுத்து, ஜெர்மானியத்தில் ஸகரம் சில இடங்களில் குரல் சேர்ந்து ஒலித்தது. அந்த ஒலி பிற்காலத்தில் ஜெர்மானியத்தின் மேற்கு, வடக்குக் கிளைகளில் ரகரமாகியது. ஆங்கிலத்தில் ஒருமைக்கு ‘வாஸ்’, பன்மைக்கு ‘வெர்’ என்று வினைச்சொல் மாறுவதும் இதே விதியால்தான். பள்ளியில் விதிவிலக்காக மனப்பாடம் செய்த வடிவம் இரண்டாயிரம் ஆண்டு பழைய விதியின் மிச்சம்.

இப்போது நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் ‘பதர’, மறுபக்கம் ‘பஸ்ய’ (மேலே கண்ட ஜெர்மானிய வடிவங்களை வைத்து அறிஞர்கள் மீட்டெடுத்த மூல வடிவம்) என்று இருக்கும். காதுக்கு ஒன்று போலப் பட்டதற்குக் காரணமான ரகரம் ஒரு பக்கத்தில் ஆதியிலிருந்தே இருந்தது. மறுபக்கத்தில் பிற்காலத்தில் முளைத்தது. ஒப்புமையின் முதுகெலும்பு இங்கேயே முறிந்துவிட்டது.

மூன்றாம் படி: ஒலி விதியை வைத்து அளவிடுங்கள்

முதலெழுத்தாவது பொருந்துகிறதே என்று கேட்கலாம். அதையும் சோதிப்போம். தமிழ் எழுத்தில் பகரம் ஒன்றுதான், சமஸ்கிருதத்தில் நான்கு. ‘பம்பரம்’ என்ற சொல்லின் இரண்டாவது பகரம் போல மென்மையாக ஒலிப்பது ஒன்று. அதோடு மூச்சும் சேர்ந்து ஒலிப்பது, சமஸ்கிருதத்தில் ‘பாரத’ என்று சொல்லும்போது வருவது, மற்றொன்று. இந்த ஆய்வில் சொற்களை ரோமன் குறியீட்டிலோ தேவநாகரியிலோ எழுதிக்கொள்வது நல்லது. தமிழில் மட்டும் எழுதினால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும்.

ஆங்கிலத்தின் மென்மையான முதல் பகரத்துக்கு இணையாகச் சமஸ்கிருதத்தில் மூச்சு சேர்ந்த பகரம் வர வேண்டும். ஆங்கில ‘பிரதர்’, சமஸ்கிருத ‘ப்ராதர்’. சுமத்தலைக் குறிக்கும் ஆங்கில ‘பேர்’, சமஸ்கிருத ‘பரதி’. இரண்டிலும் சமஸ்கிருதப் பகரம் மூச்சோடு ஒலிப்பது. இலந்தையைக் குறிக்கும் ‘பதர’ சொல்லிலோ மூச்சில்லாத பகரம். இதற்கு ஒரே ஒரு தப்பும் வழி உண்டு. சொல்லின் பிற்பகுதியில் இன்னொரு மூச்சொலி இருந்தால் முதல் மூச்சொலி தேய்ந்துவிடும் என்ற கிராஸ்மன் விதி அது. கட்டுதலைக் குறிக்கும் ‘பந்த்’ வேர் அப்படி வந்தது. பதரவில் அப்படிப் பின்னால் வரும் மூச்சொலியும் இல்லை. ஆக, முதலெழுத்தும் தோற்றது.

இந்தச் சோதனையிலிருந்து இன்னொரு தடயமும் கிடைக்கிறது. மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் மூச்சில்லாத மென்மையான பகரம் மிக மிக அரிது. அந்த ஒலியில் தொடங்கும் சமஸ்கிருதச் சொல்லைப் பார்த்தால், அது வெளியிலிருந்து வந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். பதர அந்தச் சந்தேகப் பட்டியலில் சேர்கிறது.

திராவிடப் பக்கமும் இதே கண்டிப்பு வேண்டும். நம் மொழி என்பதற்காகச் சலுகை கிடையாது. தமிழில் இலந்தை, கன்னடத்தில் ‘எலச்சி’. அகரத்துக்கு முன் வரும் இகரம் கன்னடத்தில் எகரமாவது வழக்கம். தமிழ் ‘இலை’ கன்னடத்தில் ‘எலெ’. இந்த இடத்தில் பொருத்தம் இருக்கிறது. தெலுங்கில் ‘ரேகு’, நடு இந்தியாவின் பழங்குடித் திராவிட மொழியான கோண்டியில் ‘ரேங்கா’. பார்த்தால் உறவே இல்லாத சொற்கள் போலத் தோன்றும். ஆனால் தமிழில் இலந்தைக்கு இன்னொரு பழைய பெயர் உண்டு: இரத்தி. புறநானூற்று 34-ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் ‘இரத்தி நீடிய அகன்றலை மன்றத்து’ என்று ஊர்ப் பொதுவிடத்தில் இலந்தை மரம் ஓங்கி நிற்பதைப் பாடுகிறார். இந்த இரத்தியைத் தெலுங்குக்குப் பக்கத்தில் வையுங்கள். தமிழில் உயிரில் தொடங்கி அடுத்து ரகரம் வரும் சொற்களில், தெலுங்கில் ரகரம் முன்னால் தாவிவிடும். இரண்டு ‘ரெண்டு’ ஆனது. உரல் ‘ரோலு’ ஆனது. உர என்பது ரோ ஆனது போல இர என்பது ரே ஆவது எதிர்பார்க்கக்கூடியதே. கோண்டியில் மெல்லினம் இருக்கிறது, இலந்தையிலும் இருக்கிறது.

சொல்லின் முன்பாதி இப்படிப் பொருந்துகிறது. பின்பாதி அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. தமிழில் தகரம், கன்னடத்தில் சகரம், தெலுங்கில் ககரம். வெவ்வேறு விகுதிகள் ஒட்டிக்கொண்டன என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்த விகுதிகள் வேறு மரப்பெயர்களிலும் வருகின்றனவா என்று காட்டும் கடமையும் நம்முடையதாகிறது.

நான்காம் படி: சொல்லை அதன் சொந்த மொழியில் உடைத்துப் பாருங்கள்

சொந்தச் சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அந்த மொழிக்குள்ளேயே அதற்கு உறவினர்கள் இருப்பார்கள். வினையோ, நிறமோ, சுவையோ குறிக்கும் வேறு சொற்கள் அதே வேரில் கிளைத்திருக்கும். ஜெர்மானிய ‘பஸ்ய’ சொல்லுக்கு இப்படி ஒரு வாய்ப்பு உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘பஸு’ என்றால் செங்கருநீலம். பழத்தின் நிறத்தால் வந்த பெயரோ என்று சிலர் கருதுகிறார்கள். மெல்லுதலைக் குறிக்கும் சமஸ்கிருத ‘பஸ்’ வேரோடு சேர்ப்பவர்களும் உண்டு. ஜெர்மானியர் வருவதற்கு முன் வட ஐரோப்பாவில் வழங்கிய மொழியின் சொல் என்பது மூன்றாவது கருத்து. என் பார்வையில் நிறத்தோடு இணைப்பதே மூன்றிலும் குறைவான ஊகத்தைக் கேட்கிறது. முடிந்த வழக்கு என்று அதைச் சொல்ல மாட்டேன்.

கர்கந்துவைச் சமஸ்கிருதத்தில் உடைத்தால் எதுவும் கிடைப்பதில்லை. மரபிலக்கணத்தில் எந்தப் பெயரையும் ஒரு வினைவேருக்குள் அடக்கும் உணாதி முறை உண்டு. அது மாணவர் சொல்லை நினைவில் வைக்க உதவும், வரலாற்றுச் சான்றாகாது. டச்சு அறிஞர் கைப்பர் 1991-இல் ரிக்வேதத்தில் வேற்றுமொழிச் சொற்கள் என்று ஏறத்தாழ 380 சொற்களைத் தொகுத்தார். மைக்கேல் விட்ஸல் 1999-இல் இன்னும் ஒரு படி மேலே போய், க, கர் போன்ற முன்னொட்டுகள் தெரியும் சொற்களை முண்டா மொழிகளுக்கு (கிழக்கு, நடு இந்தியாவில் சந்தாலி முதலிய பழங்குடி மொழிகள் சேர்ந்த குடும்பம்) உறவான, மறைந்துபோன ஒரு மொழிக்கு உரியவை என்றார். கர்கந்துவின் உருவத்தைப் பார்த்தால் இந்த வாதம் ஈர்க்கத்தான் செய்கிறது. ஆனால் முண்டா மொழிகளில் ஆழ்ந்த பயிற்சியுள்ள தோஷிகி ஓசாதா 2006-இல் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, முண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்தார். இந்த மறுப்பைப் படிக்காமல் விட்ஸலை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் ஏராளம். நீங்கள் இரண்டையும் படியுங்கள். சொல் வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு முடிவு. எந்த மொழியிலிருந்து வந்தது என்பது வேறு முடிவு. முதலாவதை நிறுவியவர் இரண்டாவதையும் நிறுவிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐந்தாம் படி: எங்கெல்லாம் இருக்கிறது, எங்கே இல்லை

ஒரு சொல் குடும்பத்தின் தொலைதூரக் கிளைகளிலும் விதிப்படி கிடைத்தால் அது பரம்பரைச் சொத்து. பக்கத்துப் பக்கத்து மொழிகளில் மட்டும், அதுவும் ஒலி சற்றுப் பிசகிக் கிடைத்தால், கைமாறி வந்த சொல். லித்துவேனியத்தில் பழத்துக்கு ‘உவோகா’, ரஷ்யத்தில் ‘யாகதா’. இந்த இரண்டையும் சேர்ப்பதில் பெரிய தகராறு இல்லை. முதல் உயிரின் நீட்சிக்கும் 1970களில் வெர்னர் விண்டர் சொன்ன விதி விளக்கம் தருகிறது: பால்டிக், ஸ்லாவிக் மொழிகளில் சிலவகை மெல்லோசை மெய்களுக்கு முன் உயிர் நீளும்.

‘மோரும்’ கதை இதற்கு நேர் எதிர். கிரேக்கத்தில் ‘மொரொன்’, லத்தீனில் ‘மோரும்’, அர்மீனியத்தில் ‘மோர்’. கிரேக்கத்தில் ஒகரம் குறில், லத்தீனில் நெடில். லத்தீனில் நெடில்தான் என்பதைப் பிரெஞ்சும் உறுதிசெய்கிறது. பூவைக் குறிக்கும் ‘ஃப்ளோரெம்’ பிரெஞ்சில் ‘ஃப்ளர்’ ஆனது போல, மோரும் என்பதன் பன்மையான ‘மோரா’ பழைய பிரெஞ்சில் ‘மர்’ என்பது போல ஒலித்து, இன்று ‘மியூர்’ என்று ஒலிக்கிறது. கிரேக்கச் சொல்லை ரோமர்கள் அப்படியே வாங்கியிருந்தால் குறிலாகவே இருந்திருக்க வேண்டும். பரம்பரைச் சொல் என்றால் இந்த நீட்சிக்குக் காரணம் சொல்ல வேண்டும். மத்தியதரைக் கடற்கரையில் முன்பு வழங்கிய ஏதோ ஒரு மொழியிலிருந்து இருவரும் தனித்தனியே வாங்கினார்கள் என்பது மூன்றாவது வழி. பிரெஞ்சு அறிஞர் மெய்யே 1908-இலேயே கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் பொதுவான சில செடிப்பெயர்களை இப்படி விளக்கினார். வேல்ஸ் மொழியின் ‘முயர்’ இந்தக் கூட்டத்தில் சேரும் போலத் தெரியும். ஆனால் அதன் உடன்பிறப்பான ஐரிஷ் ‘ஸ்மேர்’ முன்னால் ஒரு ஸகரத்தை வைத்துக்கொண்டு சிக்கலாக்குகிறது. ஃபின்னிஷ் மொழியில் பழத்துக்கு ‘மர்யா’. அது முற்றிலும் வேறான யூராலியக் குடும்பம். மகரமும் ரகரமும் இருப்பதால் மட்டும் அதையும் உள்ளே இழுத்துப் போடுபவர்களை எச்சரிக்கையோடு அணுகுங்கள். இரண்டு மெய் மட்டும் பொருந்தினால் போதும் என்றால் உலகின் எந்த மொழியையும் எந்த மொழியோடும் சேர்த்துவிடலாம்.

கைமாறிய சொல் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழிலேயே தெளிவான சான்று உண்டு. இலந்தை மரத்தின் பெயர் கொண்ட பத்ரிநாத்தைத் திருமங்கையாழ்வார் ‘வதரி’ என்று பாடுகிறார். சமஸ்கிருத ‘பதரீ’ தமிழ் நாவுக்கேற்ப முதலெழுத்து வகரமாகி வந்த வடிவம். ஒரே மரத்துக்கு இரத்தி, இலந்தை என்ற வழிவந்த பெயர்கள் ஒரு பக்கம், வதரி என்ற வந்தேறிய பெயர் மறுபக்கம் என்று தமிழ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது.

ஆறாம் படி: மண்ணையும் கேளுங்கள்

செடி எங்கே இயல்பாக வளர்ந்தது, எப்போது கொண்டுவரப்பட்டது என்று பாருங்கள். கருப்பு முசுக்கொட்டை மேற்காசியாவிலிருந்து மத்தியதரைப் பகுதிக்கு வந்த மரம். முட்புதர்ப் பழமோ ஐரோப்பாவின் சொந்தச் செடி. ஆகவே ‘மோரும்’ முதலில் புதர்ப் பழத்தைக் குறித்து, பிறகு வந்த மரத்துக்கும் நீண்டிருந்தால் அது பழைய சொல்லாக இருக்க இடமுண்டு. மரத்தோடு சேர்ந்து வந்த பெயர் என்றால் கடன்தான். முதல் படியில் குறித்து வைத்த கேள்வி இங்கே திரும்பத் தேவைப்படுகிறது.

இலந்தைக்கு மண்ணின் சாட்சி வலுவானது. பலூசிஸ்தானில் போலன் கணவாய்க்கு அருகே உள்ள மெஹர்கரில் 1974 முதல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஜார்ரிஜ் தலைமையில் அகழாய்வு நடந்தது. கி.மு. 7000 அளவில் தொடங்கும் அதன் கீழடுக்குகளிலேயே வாற்கோதுமையோடு இலந்தைக் கொட்டைகளும் கிடைத்தன. வேத மொழி அந்தப் பகுதிக்கு வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே அங்கிருந்தவர்கள் இந்தப் பழத்தைத் தின்றார்கள். தின்றவர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருப்பார்கள். புதிதாக வந்தவர்கள் அந்தப் பெயரை வாங்கிக்கொள்வது இயற்கை. கொட்டை பேசாது என்பதால் அந்தப் பெயர் திராவிடமா, முண்டாவா, இரண்டும் அல்லாததா என்பதை அகழாய்வு சொல்லாது.

ஏழாம் படி: முடிவை மூன்று அடுக்காக எழுதுங்கள்

உறுதியானது, வாய்ப்புள்ளது, திறந்த கேள்வி என்று பிரியுங்கள். நம் எடுத்துக்காட்டின் பக்கம் இப்படி முடியும்.

உறுதியானது: இந்தி ‘பேர்’ பதரவிலிருந்து வந்தது, ஆங்கில ‘பெர்ரி’ ஜெர்மானிய பஸ்யவிலிருந்து வந்தது, இரண்டுக்கும் தொடர்பில்லை. தமிழ் ‘வதரி’ வடசொல். வாய்ப்புள்ளது: பதர, கர்கந்து இரண்டும் சமஸ்கிருதம் வெளியிலிருந்து ஏற்ற சொற்கள், இரத்தி, எலச்சி, ரேகு, ரேங்கா ஒரே திராவிடச் சொல்லின் கிளைகள். திறந்த கேள்வி: பதரவை யாரிடமிருந்து வாங்கினார்கள், இரத்தியின் ரகரம் இலந்தையில் லகரமானது எப்படி.

கடைசிக் கேள்விக்குத் தமிழ் வாசகர்களே உதவ முடியும். தென் மாவட்டங்கள், கொங்கு நாடு, யாழ்ப்பாணம், நீலகிரிப் பழங்குடி ஊர்கள் ஆகியவற்றில் இந்த மரத்துக்கும் இதன் காட்டு வகைகளுக்கும் வழங்கும் பெயர்களை, சொல்பவரின் உச்சரிப்பு மாறாமல், எந்த வகைச் செடி என்ற குறிப்போடும் இலையின் ஒரு படத்தோடும் எழுதி வையுங்கள். ரகரம் உள்ள வடிவம் எங்காவது பேச்சில் இன்னும் உயிரோடு இருந்தால், அந்த ஊரின் பெயரும் நோட்டுப் புத்தகத்தில் ஏற வேண்டும்.